சங்கரதாஸ் சுவாமிகளும் சிறுவர் நாடக சபைகளும்

தமிழ் நாடக உலகம் தலைமையாசிரியர் என்று போற்றும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளுக்கும் நம் பழனிக்கும் உள்ள தொடர்பு பலர் அறியாதது. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் பிறந்த சங்கரன், தம் தந்தையாரிடம் தொடங்கிய தமிழ்க் கல்வியை வளர்த்துக்கொண்டது பழனித் தண்டபாணி சுவாமிகளிடம். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கே அவருடன் பயின்ற மாணாக்கர். வெண்பாவும் விருத்தமும் சந்தமும் நினைத்த மாத்திரத்தில் வந்து விழும் ஆற்றலைச் சுவாமிகள் இத்தகைய ஆசிரியர்களிடமிருந்தே பெற்றார். இன்றும் பழனிமலைச் சாரலின் ஊர்களில் கோயில் கொடைக்கு நாடகம் வைத்தால், பெரும்பாலும் அது அவருடைய 'வள்ளி திருமணம்' ஆகத்தான் இருக்கும். எழுதியவர் பெயரை அறியாமலே அந்நாடகத்தை விடியவிடியப் பார்த்து மகிழும் மக்கள் இங்கே பல்லாயிரவர்.

அப்பெருமகனாரின் வாழ்வை இம்மலருக்கு எழுதத் தொடங்கியபோது, அவருடைய நாடகத் திறத்தை மட்டும் பேசி நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. அவர் வளர்த்த சிறுவர் நாடக சபைகளைக் குருகுலம் என்றும் பல்கலைக்கழகம் என்றும் எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. வகுப்பறையில் நானும் அப்படித்தான் சொல்லிவருகிறேன். அச்சொற்கள் பொய்யல்ல. ஆயினும் ஆறு வயதுக் குழந்தை இரவு பத்து மணிக்கு அரிதாரம் பூசி மேடையேறி, விடியும் வேளையில் உறங்கச் செல்லும் ஏற்பாட்டுக்கு வேறொரு பெயரும் உண்டு. அப்பெயரைச் சுவாமிகளின் வரலாற்றுக்குள் வைத்துச் சொல்ல முடியுமா என்பதே என் முன் நின்ற வினா.

சுவாமிகளின் இளமையைச் சுருக்கமாகவே சொல்லலாம். சிறிது காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தார். தமது 24-ஆம் வயதில், அதாவது 1891 அளவில், அவ்வேலையை விட்டு நாடகத்துக்கு வந்தார். இராமுடு ஐயர், கலியாணராமையர் ஆகியோரின் குழுவில் நடிகராகவும் ஆசிரியராகவும் இருந்தார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் அவர் தோன்றும்போது அவை நடுங்கும் என்பர். தம் வேடத்தைக் கண்டு அஞ்சியவர்களுக்கு நேர்ந்த துன்பத்தால் மனம் நொந்து, நடிப்பதையே அவர் விட்டுவிட்டார் என்று நாடக உலகில் ஒரு செய்தி வழங்குகிறது. பின்னர்த் துறவு மேற்கொண்டு தலங்களைச் சுற்றினார். மணம் செய்துகொள்ளவில்லை. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகன்போல் ஏற்றுப் பேணினார். தாளத்தின் நுட்பங்கள் சுவாமிகளின் பாடல்களில் அத்தனை இயல்பாக அமைந்தமைக்கு அப்புதுக்கோட்டை வாழ்க்கையே காரணம்.

மீண்டும் நாடகத்துக்கு வந்தவர் வள்ளி வைத்தியநாத ஐயர், அல்லி பரமேசுவர ஐயர், பி. எஸ். வேலு நாயர் ஆகியோரின் குழுக்களில் ஆசிரியராக இருந்தார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தாமே தோற்றுவித்தார். அடுத்து மதுரை ஜெகந்நாத ஐயரின் பால மீன ரஞ்சனி சங்கீத சபைக்கு ஆசிரியரானார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை உருவாக்கினார். இப்பெயர்களில் பால என்னும் சொல் வந்து அமர்ந்திருப்பதைக் காண்க. சுவாமிகளின் பிற்காலம் முழுவதும் பாலர்களோடுதான் கழிந்தது.

ஏன் பாலர்கள்? இதற்கு நாடக வரலாறு எழுதியோர் எல்லாரும் ஒரே விடையைத் தருகின்றனர். அக்கால நடிகர்களில் பலர் எழுதிய உரையாடலைப் பேசுவதில்லை. மேடையில் தோன்றியதைப் பேசினர், ஒருவரை ஒருவர் மட்டந்தட்டப் பாடினர், குடித்துவிட்டு வந்தனர், ஒப்புக்கொண்ட நாளில் வாராது போயினர். ஆசிரியரின் எழுத்துக்கு மதிப்பில்லாத அந்நிலை சுவாமிகளைப் போன்ற புலவர்க்குப் பெருந்துன்பமாக இருந்திருக்கும். சிறுவர்கள் அப்படியல்லர். சொன்னதைச் சொன்னபடி நெட்டுருச் செய்வர். ஒரே வீட்டில் தங்கிப் போட்டதை உண்டு, எழுப்பிய வேளையில் எழுந்து பாடுவர். பெண் வேடத்துக்கு வேண்டிய குரலும் அவர்களிடம் இருந்தது. இக்காரணங்கள் எல்லாம் உண்மையே. ஆனால் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, அவை ஒரே காரணத்தில் சென்று முடிவதைக் காண்கிறோம். சிறுவர்களுக்கு மறுக்கத் தெரியாது. கலைக்காகச் சுவாமிகள் நாடிய அதே பணிவைத்தான், பணத்துக்காகப் பீடிக் கொட்டகைக்காரர்களும் கம்பளத் தறிக்காரர்களும் குழந்தைகளிடம் நாடினார்கள்.

சபை வாழ்க்கையைச் சற்று விரிவாக நோக்குவோம். கம்பெனி வீடு என்று ஒன்று இருக்கும். சபை எந்த ஊரில் முகாமிடுகிறதோ அந்த ஊரில் வாடகைக்கு எடுத்த வீடு அது. ஆறு ஏழு வயது முதல் பதினைந்து பதினாறு வரை உள்ள சிறுவர்கள் அங்கே ஒன்றாகத் தங்குவர். காலையில் பாட்டுப் பயிற்சியும் பாடம் கேட்டலும், பிற்பகலில் ஒத்திகை, நாடக நாள்களில் இரவு ஒன்பது பத்து மணிக்குத் தொடங்கி மூன்று நான்கு மணி வரையில் ஆட்டம். தவறினால் பிரம்பு. பிள்ளையைச் சேர்க்கும்போது பெற்றோர் சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுப்பதும், சம்பளம் என்று ஏதேனும் இருந்தால் அது பெற்றோரிடம் செல்வதும் அக்காலச் சபைகளில் பெருவழக்காக இருந்தன. ஓடிப்போகும் பிள்ளையைத் தேடிப் பிடித்துவர ஆள் போவதும் உண்டு. இத்தனைக்குப் பின்னும் ஒரு நாள் மகரக்கட்டு வந்து குரல் உடையும். அன்றோடு பலருடைய நாடக வாழ்வு முடிந்தது. வேறு தொழில் எதுவும் கல்லாத பதினாறு வயதுப் பையன் ஊர் திரும்புவான். அல்லது கொட்டகையில் திரை இழுப்பவனாக எஞ்சுவான்.

இச்சபைகளில் உருவாகிப் பெயர் பெற்றவர்களின் பட்டியல் நீண்டது. கிட்டப்பா, டி. கே. எஸ். சகோதரர்கள், எம். ஆர். இராதா, நவாப் இராசமாணிக்கம், எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே போகலாம். இவர்களுள் சுவாமிகளிடமே பயின்றோரும் உண்டு. பின்னர்த் தோன்றிய பிற சபைகளில் வளர்ந்தோரும் உண்டு. எம். ஜி. இராமச்சந்திரன் தந்தையை இழந்த வறுமையில், தமையனார் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். சிவாஜி கணேசன் தம்மை அநாதை என்று சொல்லிக்கொண்டு சபைக்குள் நுழைந்தவர். தாயும் தந்தையும் உள்ள குழந்தை, இல்லை என்று பொய் சொல்லிச் சேர்ந்த இடத்தில் வேண்டிய தகுதி எது என்பது இதனால் விளங்கும். கேட்க ஆள் இல்லாத பிள்ளையே சபைக்கு வசதியான பிள்ளை.

கிட்டப்பாவின் வரலாறு இன்னும் வருத்தம் தருவது. 1906-இல் செங்கோட்டையில் பிறந்து, பால் மணம் மாறாத வயதிலேயே மேடையேறிய அக்குரல், 1933-இல், தம் 27-ஆம் வயதில் மறைந்தது. அக்குரலை ஒரு பெருங்குடும்பமும் பல கொட்டகைகளும் நம்பியிருந்தன. சிறுமியரும் இதற்கு விலக்கல்லர். பங்குனி உத்திரத்துக்குப் பழனி நோக்கித் தீர்த்தக் காவடிகள் புறப்படும் கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாளும் வேலு நாயர் குழுவில் சிறுமியாகவே மேடைக்கு வந்தவர். புகழ் பெற்றவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளைக் கொண்டு சபைகளை மதிப்பிடுவது, கரையேறியவர்களை மட்டும் கேட்டு ஆற்றின் ஆழத்தைக் கணிப்பதற்கு ஒப்பாகும். குரல் உடைந்து வெளியேறியவர்கள் எழுதிய நூல் நம்மிடம் இல்லை.

கரையேறியவர்களுள்ளும் நேர்மையாக எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் ஔவை டி. கே. சண்முகம். 1912-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த அவர், 1918-இல் தம் தமையன்மாரோடு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தபோது ஆறு வயதுக் குழந்தை. 1972-இல் வெளிவந்த 'எனது நாடக வாழ்க்கை' என்னும் அவருடைய நூல் இல்லையேல், சுவாமிகளைப் பற்றி நாம் அறிவது மிகச் சிலவாகவே இருக்கும். சண்முகத்துக்கு ஒரு நற்பேறு இருந்தது. பெண் வேடத்தில் பெயர் பெற்ற அவருடைய தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளையும் நாடகத் தொழிலினர். பிள்ளைகளைக் கண்காணிக்க உடன் இருந்தவர். பிற சிறுவர்க்கு அந்தத் துணை இல்லை. ஆகவே சண்முகத்தின் நினைவுகளில் சுவாமிகள்மீது பெருகும் அன்பை அப்படியே ஏற்கும்போதும், அது தந்தையின் நிழலில் வளர்ந்த பிள்ளையின் நினைவு என்பதை மறக்கலாகாது.

அச்சிறுவனுக்காகச் சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதி முடித்தார். நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களும் உரையாடல்களும் கொண்டு, நான்கு மணி நேரம் நடக்கக்கூடிய நாடகம் அது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப்பட்டது என்பர். தமிழ் நாடக வரலாற்றில் இதனைப் போன்றதொரு அருஞ்செயலை நான் அறியேன். ஒரு குழந்தையின் குரலெல்லை, மூச்சின் அளவு, நாக்கு புரளும் திறம் இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு ஒருவர் இரவெல்லாம் விழித்து எழுதினார் என்றால், அக்குழந்தைமீது அவருக்கு இருந்த பரிவு பெரிது. இதனை ஐயுறுவாரும் இல்லை. ஆனால் சுவாமிகள் விழித்த அந்த ஓர் இரவை வியக்கும் நாம், அப்பாடல்களை நெட்டுருச் செய்து மேடையில் பாட அச்சிறுவன் விழித்த இரவுகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அபிமன்யுவின் கதையும் பெரியவர்களின் போரில் தனியே உள்ளே அனுப்பப்பட்ட பிள்ளையின் கதைதான் என்பது தற்செயலாகவே இருக்கலாம்.

அந்நாளில் சட்டம் எங்கே இருந்தது என்று கேட்கலாம். சட்டம் ஆலைகளுக்குள் இருந்தது. 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஆலையில் சேர்க்கலாகாது என்றது. 7 முதல் 12 வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்கு 9 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 1891-இல் அவ்வரம்பு 9 வயதாக உயர்ந்தது; வேலை நேரம் 7 மணியாகக் குறைந்தது. அதாவது 1918-இல் மதுரையில் ஓர் ஆலை, ஆறு வயதுப் பிள்ளையைப் பஞ்சு பொறுக்கவும் வைத்துக்கொள்ள முடியாது. அதே மதுரையில் ஒரு நாடகக் கொட்டகை அப்பிள்ளையை இரவு முழுவதும் பாடவைக்கலாம். கொட்டகை தொழிற்சாலை அன்று. பாட்டு வேலை அன்று. கற்பிப்பவர் முதலாளி அல்லர், குரு. இம்மூன்று எண்ணங்களும் சேர்ந்து அக்குழந்தையின் உழைப்பை எல்லார் கண்ணுக்கும் மறைத்துவிட்டன. இன்றும் குழந்தை உழைப்பை இனங்காண்பதில் உள்ள இடர் இதுவே. பட்டாசுக் கொட்டகையில் இருக்கும் பிள்ளையை எளிதில் கண்டுகொள்கிறோம். தொழில் பழகுகிறான், உறவினர் வீட்டில் இருக்கிறான், கலை கற்கிறாள் என்று சொல்லப்படும் பிள்ளையைக் காண்பதில்லை.

அரசாங்கம் ஆலைக்கு வெளியே நோக்கியது சுவாமிகள் மறைந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே. 1929-இல் அமைந்த தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழு, 1931-இல் அளித்த அறிக்கையில், சென்னை மாகாணத்துப் பீடிக் கொட்டகைகளிலும் அமிர்தசரசின் கம்பளத் தறிகளிலும் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அடகு வைக்கப்பட்ட குழந்தைகளைக் கண்டு எழுதியது. அதன் பயனாக 1933-இல் குழந்தைகளின் உழைப்பை அடகு வைத்தலைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. குறைபாடுகள் பல உள்ள சட்டம்தான். முதலாளிக்கு விதித்த தண்டமே 200 உரூபாய்க்கு மேற்படாது. ஆனால் அதனுள் அறிவுடைய விதிவிலக்கு ஒன்று இருந்தது. ஓர் ஒப்பந்தத்தால் குழந்தைக்குத் தீங்கு இருத்தல் கூடாது. நியாயமான கூலி தவிர வேறு ஆதாயம் பெற்று அது செய்யப்பட்டிருத்தல் கூடாது. ஒரு வாரத்துக்கு மேற்படாத அறிவிப்பில் அதை முறித்துக்கொள்ள இயல வேண்டும். இம்மூன்றும் பொருந்தினால் அது அடகு ஆகாது.

சிறுவர் சபைகளை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். இரவெல்லாம் விழிப்பும் தாயைப் பிரிதலும் பிரம்படியும் தீங்கு அல்ல என்று வாதிட விரும்புவோர் வாதிடலாம். கூலி நியாயமானதா என்பதிலும் ஊருக்கு ஊர், சபைக்குச் சபை வேறுபாடு இருந்திருக்கும். மூன்றாவதில்தான் எந்த வாதமும் நிற்காது. ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தை ஒரு வாரத்தில் முறித்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் வீடு திரும்பியிருக்க முடியாது. ஒரு குழந்தை செய்வது உதவியா, கல்வியா, உழைப்பா என்று ஐயம் எழும் இடத்திலெல்லாம் நான் இக்கேள்வியையே கேட்டுப் பார்க்கிறேன்: நாளை வரமாட்டேன் என்று அப்பிள்ளை சொன்னால் என்ன நடக்கும்?

இவ்விடத்தில் நம் குறிஞ்சி நிலத்தை நினையாதிருக்க முடியவில்லை. சங்கப் பாடல்களின் தலைவி தினைப்புனம் காக்கிறாள். பரண்மீது ஏறிக் கிளி ஓட்டுகிறாள். சுவாமிகளின் வள்ளியும் அதையே செய்கிறாள். அதுவும் சிறு பெண்ணின் வேலைதானே என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள்; நல்ல கேள்வி. புனம் அவள் குடும்பத்தினுடையது. தோழியர் உடன் இருக்கின்றனர். அருவியில் ஆடவும் தழையாடை தொடுக்கவும் பொழுது இருக்கிறது. கதிர் கொய்தவுடன் காவல் முடிந்து வீடு திரும்புகிறாள். இலக்கியம் துன்பங்களை மெருகிட்டுக் காட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் தினைப்புனக் காவலையும் அடகுப் பிள்ளையின் உழைப்பையும் ஒன்றாக எண்ணுவோர், இரண்டையும் சரியாகப் பார்த்தவர் ஆகார். சபையில் வள்ளியாக நடித்த சிறுவனுக்கு வள்ளிக்கு இருந்த ஓய்வு இல்லை.

சுவாமிகள் இவ்வேற்பாட்டால் பொருள் சேர்த்தவர் அல்லர். சபைகளின் வருவாய் உரிமையாளர்களுக்குச் சென்றது. துறவியாகிய அவர் தமக்கென்று வீடோ நிலமோ வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழும் தாளமும் ஒழுக்கமும் கொடுத்தார். பள்ளியை மிதிக்க முடியாத வறிய குடும்பத்துச் சிறுவர்கள் வெண்பாவின் தளையறிந்து பேசியது அவரால்தான். பசித்த வீட்டில் இருந்திருந்தால் அவர்களுள் பலர் இதனினும் கொடிய வேலைக்குப் போயிருப்பர் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் அவ்வாதத்தைப் பீடிக் கொட்டகைக்காரரும் சொன்னார் என்பதால், அதை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டியிருக்கிறது. அவருடைய பெருமையைக் காக்க அப்பிள்ளைகளின் பாட்டை மறைக்க வேண்டியதில்லை. அப்பிள்ளைகளுக்காக அவருடைய 'பவளக்கொடி'யையும் 'சத்தியவான் சாவித்திரி'யையும் குறைத்து மதிப்பிடவும் வேண்டியதில்லை.

பின்னாளில் வந்த மாற்றங்களையும் குறிக்க வேண்டும். 1925-இல் டி. கே. எஸ். சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். அப்போது சண்முகத்துக்கு வயது 13. பிறர் சபையில் உழைத்த பிள்ளைகளே தம் சபைக்கு உரிமையாளர் ஆனது தமிழ் நாடகத்தில் புதுமை. 1942-இல் ஔவையாராக நடித்துப் பெயரோடு அப்பாத்திரத்தையே ஒட்டவைத்துக்கொண்டார் சண்முகம். கனி கிடைக்காமல் கோபித்து வந்து பழனியில் நின்ற பிள்ளையை ஔவை ஆற்றினாள் என்பது நம் மலையின் கதை. பிள்ளைப் பருவத்தை மேடையில் கழித்தவர் அந்த ஔவையாக நின்றதில் எனக்கு ஏதோ ஒரு பொருத்தம் தோன்றுகிறது.

இன்று திரையிலும் தொலைக்காட்சியிலும் நடிக்கும் குழந்தைகளுக்கு 2016-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. 2017-இல் வந்த விதிகள் அதற்கு வரம்பு கட்டின. நாளொன்றுக்கு 5 மணிக்கு மேல் வேலை கூடாது. இடைவெளி இன்றி 3 மணிக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருவாயில் 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் குழந்தையின் பெயரில் வங்கியில் இட வேண்டும். சர்க்கஸுக்கு இந்த விலக்கு இல்லை. மீனலோசனி சபையின் ஓர் இரவு ஆட்டமே இவ்வரம்பை எட்டிவிடும். இவ்விதிகள் படப்பிடிப்புத் தளங்களில் எவ்வளவு மதிக்கப்படுகின்றன என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பிள்ளை தொடர்ந்து வகுப்புக்கு வாராவிட்டால், அதை முதலில் அறிபவர் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியரே.

சுவாமிகளின் இறுதி நாள்கள் துயரமானவை. 1921-இல் பக்கவாதம் தாக்கிக் கையும் காலும் முடங்கின, நாவும் பேச்சிழந்தது. இரவெல்லாம் எழுதிய கையும், பாடம் சொன்ன வாயும் ஓய்ந்த பின்னும் அவர் சபையை விட்டுப் பிரியவில்லை. சபை சென்ற ஊர்களுக்கெல்லாம் உடன் சென்றார். 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள், சபை புதுச்சேரியில் இருந்தபோது மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. நாடகக் கலைஞர்கள் இன்றும் அங்கே சென்று வணங்குகின்றனர். அவர் மறைந்தபோது அபிமன்யுவாக நடித்த சண்முகத்துக்கு வயது பத்து. அதன்பின்னும் அச்சிறுவர்கள் அவருடைய பாடல்களையே இரவுதோறும் மேடையில் பாடிவந்தனர்.